உட்கார்ந்தவரை எழுப்பாத ஊர்

தலேல்கோட்,
அஸ்ஸு மாதம் எட்டாம் நாள், திங்கட்கிழமை.

அன்பு மகன் பர்மிந்தருக்கு அப்பா எழுதுவது.

வாஹேகுருவின் கருணையில் நானும் உன் அம்மாவும் இருக்கவேண்டிய அளவுக்கு நன்றாகவே இருக்கிறோம். கனடாவில் நீயும் மருமகள் நவ்ரூப்பும் குழந்தை மெஹரும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் குருத்வாராவில் தலை தாழ்த்தும்போது கேட்டுக்கொள்கிறேன். என் வலது முழங்கால் மழைக்காலம் முடிந்ததும் கொஞ்சம் மடங்குகிறது, கண் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுகிறேன், நேரத்தைத் தாளில் குறித்தும் வைக்கிறேன். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார், அதைக் கேட்ட சந்தோஷத்தில் அன்றே ஊறுகாய் இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டாள். நெய்யும் மாவும் வறுத்து உனக்காகப் பஞ்சீரி செய்து டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறாள், மிட்டாய்க் கடை பனாரசியின் மகள் அடுத்த மாதம் அங்கே படிக்க வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புவோம். வயல்களில் நெல் பால் பிடித்து நிற்கிறது. மின்சாரம் வருகிறது, போகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ தொலைபேசியில் பேசியபோது நான் “சரி, சரி” என்று சொன்னது சம்மதம் அல்ல. எதிரே இருப்பவர் குரலை உயர்த்தினால் என் வாயில் முதலில் வருவது “சரி”தான் என்பது உனக்கே தெரியும். முப்பத்தாறு வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன், ஒரு பையனைக்கூட அதட்டியதில்லை. அதட்டவேண்டிய இடத்தில் இருமுவேன், பையன்கள் அதைப் புரிந்துகொண்டு அமைதியானார்கள், அல்லது ஆகவில்லை. நீயோ பேச ஆரம்பித்தால் எனக்குச் சரியான சொல் கிடைப்பதற்குள் அடுத்த நான்கு விஷயங்களுக்குப் போய்விடுகிறாய். “பாப்பாஜி, சங்கத்துல நாப்பது பேர் முன்னாடி என் மூஞ்சில கரியைப் பூசிட்டீங்க, ஒரு தாளைத் திருப்பிக் குடுக்க உங்களுக்கு என்ன கேடு?” என்று கேட்டாய். அந்தக் கேள்விக்கான பதில் எனக்கு இன்று காலை குளிக்கும்போதுதான் கிடைத்தது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் தவறு. இரண்டு மாதத்துக்கு முன் நகராட்சித் தலைவர் லக்வீர், நாம் லக்கா என்று கூப்பிடும் அதே லக்கா, வீட்டுக்கு வந்து ஒரு தாளை நீட்டினான். தலேல்கோட் என்ற பெயர் பிற்காலத்தில் ஒட்டியது, ஆதியில் இந்த ஊர் சூர்மாகர், அதாவது வீரர்களின் கோட்டை, முந்நூறு பேர் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு போரிட்டு மாண்ட இடம் இது, இதை வரலாற்று ஆசிரியர் உஜாகர் சிங் ஆராய்ந்து சான்றளிக்கிறார் என்று அதில் இருந்தது. அந்தச் சான்று இருந்தால் பெயர் மாற்றத்துக்கு சண்டிகரில் ஒப்புதல் கிடைக்கும், கனடாவில் நம் ஊர்க்காரர்கள் நடத்தும் உங்கள் பிராம்ப்டன் சங்கம் ஊர் எல்லையில் அந்தப் பெயரோடு பெரிய வளைவு கட்டித் தரும். நீ அன்று காலையே பேசியிருந்தாய். “நான் சங்கத்தோட செயலாளர் பாப்பாஜி, என் பேர் இதுல இருக்கு” என்றாய். நான் தாளை இரண்டு முறை படித்தேன். பொய் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டேன். லக்கா என் காலைத் தொட்டு வணங்கினான். ஏன் போட்டீர்கள் என்று உன் அம்மா கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உனக்கு ஏன் இந்தப் பெயர் வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பர்னாலாவிலிருந்து வரும் முதல் பஸ்ஸின் கண்டக்டர் இன்றும் காலையில் நம் ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை, “பெரிய ஆலமரம் எறங்கு, பெரிய ஆலமரம்!” என்றுதான் கத்துகிறான். வெறும் வயிற்றில் தலேல்கோட் என்று சொன்னால் அன்றைய ரொட்டி வேறு யார் வயிற்றுக்கோ போய்விடுமாம். நீ ஒன்பதாவது படிக்கும்போது கபடிப் போட்டிக்குப் போன இடத்தில் கூட்டம் முழுக்க எழுந்து நின்று, “ஓடாதீங்கடா, ஒக்காருங்க, பாயசம் வருது! எதிராளிக்கு முதல்ல ஊத்துங்கடா!” என்று கூவியது. நீ தோற்றுத் திரும்பி வந்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே அழுதாய். நான் பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இன்று சொல்கிறேன், முப்பது வருடம் தாமதம். இப்போது மெஹரின் கோடை முகாமில் ஒவ்வொரு குழந்தையும் தன் ஊரின் வீரச் செயலைச் சொல்ல, அவள் மட்டும் முழித்தாள் என்று நீ சொன்னபோது எனக்கும் வலித்தது. ஆனால் அவளிடம் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறாயே, அதுதான் தவறு.

நான் பதினோரு கோடை விடுமுறைகளைப் பழைய சமஸ்தானக் கோப்புகளில் கழித்தவன், அம்மா அதற்காக என்னை இன்னும் மன்னிக்கவில்லை. நடந்தது இதுதான். வடக்கேயிருந்து கொள்ளைப்படைகள் இறங்கிக்கொண்டிருந்த காலம். நம் பக்கத்துக் குறுநிலத் தலைவர்களான சர்தார்கள் ஊரைக் காக்க வருகிறோம், குதிரைப் படைக்குச் சாப்பாடு தயாராக இருக்கட்டும் என்று சொல்லியனுப்பினார்கள். ஊரே பால் கறந்து நாற்பது அண்டாவில் பாயசம் காய்ச்சியது. தூசி தெரிந்தது, முரசு கேட்டது, வாசலைத் திறந்துவிட்டார்கள். குதிரையிலிருந்து இறங்கியவர்களை வரிசையாகத் தரையில் உட்காரவைத்துப் பரிமாறவும் தொடங்கியாயிற்று. மூன்றாவது வரிசைக்கு வரும்போதுதான் தலைப்பாகைக் கட்டு வேறு மாதிரி இருப்பதை ஒருத்தி கவனித்தாள். வந்தது வேறு படை. யாரிடமிருந்து காப்பாற்ற சர்தார்கள் வருவதாக இருந்ததோ அதே படை. நம் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கேள். நான்காவது வரிசைக்குப் பரிமாறினார்கள். ஐந்தாவதற்கும். தின்று முடித்த படைத்தலைவன் தின்ற வீட்டைக் கொளுத்த முடியாமல், கையிலிருந்த செப்பு முரசை வைத்துவிட்டுப் போனான். ஒரு வீடுகூட எரியவில்லை. இரண்டு நாள் கழித்து வந்த நம் சர்தார்களுக்குப் பால் இல்லை. கோபத்தில் அவர்கள் விளக்கம் கேட்டு எழுதினார்கள், பசியாறும் முன் இந்த ஊரின் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று தங்கள் ஆட்களுக்கு உத்தரவும் போட்டார்கள். பஸ் கண்டக்டர் இன்றைக்கும் அந்த உத்தரவைத்தான் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறான், பாவம், அவனுக்குத் தெரியாது.

ஊர் அனுப்பிய பதிலை நான் கண்ணால் பார்த்தேன். பாரசீகத்தில் நான்கே வரி. “வந்தவர்கள் பசியோடு வந்தார்கள், வரிசையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவரை எழுப்புவது எங்கள் வழக்கம் அல்ல. இதற்குத் தண்டனை உண்டென்றால் அனுபவிக்கிறோம். வாசல் திறந்தேதான் இருக்கிறது.” கீழே இருபத்திரண்டு கைரேகைகள். அவர்கள் பயந்துதான் பரிமாறினார்கள் என்று லக்கா சொல்கிறான். இருக்கலாம். நானும் பயந்தவன்தான். ஆனால் முதலில் வந்த படைக்குப் பயந்து பரிமாறியவர்கள், இரண்டாவதாக வந்த படைக்கு இந்தப் பதிலை எழுதினார்களே, அதைப் பயந்தவன் எழுதுவானா? நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன், என் கணிப்பில் தவறு இருக்கலாம், இருந்தாலும் எழுதமாட்டான் என்றுதான் தோன்றுகிறது.

அந்த நாளைத்தான் நாம் மழை முடியும் பாதோன் மாதக் கடைசி ஞாயிறு, தவறி வந்தவர் நாளாக வைத்திருக்கிறோம். கதவைத் திறந்துவைத்து, முதலில் நுழைபவர் யாரானாலும் பெயர் கேட்காமல் பாயசம் கொடுத்து, அவர் கையில் கொண்டுவந்ததை வாங்கி வைத்துக்கொள்வதை நீ சின்ன வயதில் விளையாட்டாகப் பார்த்திருப்பாய், பக்கத்து வீட்டுக்காரரின் குடைக்காக நீ வாசலில் காத்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் அன்று ஊர்க்காரர் எல்லோரும் தெருவில் வெறுங்கையை வீசிக்கொண்டுதான் நடப்பார்கள். எனக்கு அது விளையாட்டு இல்லை. நாற்பத்தேழில் நாடு பிரிந்தபோது லாயல்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த கூட்டத்தில் பின்தங்கிப்போய், மழையில் நனைந்து, இந்த வாசலில் நாங்கள் நுழைந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஐந்து வயது. என்ன நாள் என்று எங்களுக்குத் தெரியாது. திறந்திருந்த முதல் வீட்டில் என் அம்மா நுழைந்தாள், அது லக்காவின் பாட்டி வீடு. யார் நீங்கள் என்று யாரும் கேட்கவில்லை. நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். என் அம்மா கையில் இருந்தது ஒரே ஒரு பொருள், பூட்டிவிட்டு வந்த எங்கள் வீட்டுச் சாவி. அதைக் கொடுத்துவிட்டாள். பிறகு அவள் சொல்வாள், கொடுத்த பிறகுதான் திரும்பிப் போகப்போவதில்லை என்று தனக்கே தெரிந்தது என்று. அந்தச் சாவி இன்றும் லக்காவின் வீட்டு மாடத்தில் ஆணியில் தொங்குகிறது.

இந்த ஊரை நான் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று நினைக்காதே. அதே இரண்டு வாரத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சாயக்காரர் தெரு முழுக்க இன்னொரு வாசல் வழியாக வெளியே போனது, எல்லையைத் தாண்டி. எல்லோரும் போய்ச் சேர்ந்தார்களா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. போகாதீர்கள், உட்காருங்கள் என்று அவர்களிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. நமக்கு ஒதுக்கப்பட்ட இந்த வீட்டின் பின்சுவரில் எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் நீலம் மேலே வருகிறதே, அது அவர்களுடையது. இதை நகராட்சி போடவிருக்கும் ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்கு என் கைப்பிரதியில் பதினோராவது தாளாக எழுதிக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்த அச்சுப்படியில் பத்துக்கு அடுத்து பன்னிரண்டு இருந்தது, பாயசம் இருந்த இடத்தில் முந்நூறு வாள்கள் இருந்தன.

இப்போது நீ கோபப்படும் விஷயம். சென்ற ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு தவறி வந்தவர் நாள். உன் அம்மா பாயசத்தை இறக்கிவைத்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள், நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சண்டிகரிலிருந்து காரில் நேரே வந்து இறங்கினான் லக்கா, கையில் கோப்பு. இரண்டாம் பக்கத்தில் என் கையெழுத்து விட்டுப்போயிருந்ததாம், மறுநாள் அதைக் கொடுத்தாக வேண்டுமாம். ஒரு வாரமாக ஊரில் இல்லாதவன், வளைவுக்குப் பக்கத்தில் நிறுத்தப்போகும் வாளேந்திய சிலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தவன், என்ன நாள் என்பதை மறந்துபோனான். உன் அம்மா, “வா லக்கா, ஒக்காரு” என்று கிண்ணத்தை நீட்டினாள். பசியில் வாங்கி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் கரண்டியைப் பார்த்தான், திறந்திருந்த கதவைப் பார்த்தான், மடியிலிருந்த கோப்பினைப் பார்த்தான். “பெரியம்மா, இது வேற, இது அரசாங்கத் தாள்” என்றான். “மத்தவங்க கொண்டு வர்றது மட்டும் என்ன, ஆகாசத்துத் தாளா? முழுசாச் சாப்பிடு, முந்திரி அடியில கெடக்கு” என்று அந்தக் கோப்பினை எடுத்து என்னிடம் கொடுத்தாள் அவள். “வெளையாடாதீங்க பெரியம்மா, முப்பது பேர் கையெழுத்து இருக்கு இதுல.” “உன் பாட்டி எங்க மாமியார் கையிலேர்ந்து சாவியை வாங்கிக்கிட்டப்போ, அது எத்தனை ரூம் இருக்கிற வீட்டுச் சாவின்னு கேட்டாளாடா?” அவன் வாயில் பாயசத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்து, “மாஸ்டர்ஜி, நீங்களாவது சொல்லுங்க” என்றான்.

மகனே, உண்மையைச் சொல்கிறேன், என் வாயில் “சரி” வந்துவிட்டது. கோப்பினை அவனிடமே திருப்பிக் கொடுக்கக் கையும் நீண்டது. அப்போது சாவி ஞாபகம் வந்ததா, நீ கிணற்றடியில் அழுதது ஞாபகம் வந்ததா, என்னால் வரிசைப்படுத்திச் சொல்ல முடியவில்லை. கோப்பினை என் நாற்காலியில் வைத்தேன், அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவுதான். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. லக்கா எழுந்து நின்று சத்தம் போட்டான், நான் இருமவும் இல்லை. “எந்திரிங்க மாஸ்டர்ஜி” என்றான். உட்கார்ந்தவரை எழுப்புவது இந்த ஊர் வழக்கம் இல்லை என்று சொன்னேன். உன் அம்மா அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள், கல்யாணமான புதிதில் கேட்டது. அவன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் போனான், அதை நீ கவனிக்க வேண்டும். வழக்கத்தை மீற அவனாலும் முடியவில்லை, அவன் இந்த ஊர்க்காரன்.

வியாழக்கிழமை நகராட்சிக் கூட்டத்துக்கு நானே போனேன், பதினான்கு தாளில் எண் போட்டு எழுதிக்கொண்டு. மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன். அதனால் படிக்க முடியாமல் பேசவேண்டியதாயிற்று, அது நல்லதாகவே முடிந்தது என்று பனாரசி சொல்கிறான், நான் நம்பவில்லை. கையெழுத்துப் போட்டவன் நான், அது பொய், திரும்பப் பெறுகிறேன் என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒருவன், “மூட்டையோட வந்த அகதி, எங்க ஊர் வரலாற எங்களுக்கே சொல்லிக் குடுக்கிறீங்களா?” என்று கத்தினான். “ஆமாம், மூட்டையோடு வந்தேன், திறந்த கதவு வழியாக வந்தேன். நீங்கள் சொல்கிறபடி கதவைச் சாத்திக்கொண்ட ஊராக இது இருந்திருந்தால் நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன்” என்றேன். குரல் கீச்சென்றுதான் வந்தது. போரில் பறித்த முரசு என்று சிலையின் காலடியில் வைக்கப்போகிறார்களே, அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். பனாரசிதான் எழுந்து, “என் கடையில, மாஸ்டர்ஜி. தோல் கிழிஞ்சு தலைமுறையாச்சு, நாங்க அதுல அரிசி களையறோம். சிலைக்கு வேணும்னா ஞாயித்துக்கிழமை லீவு, எடுத்துக்கட்டும்” என்றான். கூட்டம் சிரித்தது, லக்காவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். தீர்மானத்தை ஒரு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் லக்கா உனக்குப் பேசியிருக்கிறான், நீ எனக்குப் பேசினாய்.

ஆகவே என் பதில் இது. கோப்பினைத் தரமாட்டேன். இரண்டாவது தாளில் கையெழுத்துப் போடமாட்டேன். நான் இல்லாமல் வேறொருவரைப் பிடித்துச் சான்று வாங்கினால், ஒரு மாதம் கழித்து அதே கூட்டத்துக்குப் போவேன், இந்த முறை கண்ணாடியோடு. வளைவு கட்டுவதை நான் தடுக்கவில்லை, கட்டுங்கள், தலேல்கோட் என்று எழுதுங்கள், கதவு மட்டும் வைக்காதீர்கள். சங்கத்தில் உன் முகத்தில் கரி என்றாயே, அந்த நாற்பது பேரிடமும் என் அப்பா கோப்பின்மேல் உட்கார்ந்துவிட்டார் என்று சொல், அவர்களில் பாதிப்பேர் இந்த ஊரில் பிறந்தவர்கள், சிரிப்பார்கள். மெஹருக்கு முரசின் கதையைச் சொல்லு. சாயக்காரர் தெருவையும் சொல்லு, அதை விட்டுவிட்டுச் சொன்னால் நாமும் லக்காவுக்குச் சமமாகிவிடுவோம். எந்த முகாமிலும் அவள் முழிக்கவேண்டியதில்லை.

குளிர் தொடங்குகிறது, காதை மூடிக்கொண்டு வண்டி ஓட்டு. மருமகளை ராத்திரி வேலைக்கு அனுப்பாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள், அது அவள் இஷ்டம் என்று நான் சொன்னேன், இரண்டையும் எழுதிவிட்டேன். அடுத்த பாதோனுக்கு மூவரும் வாருங்கள், வெறுங்கையோடு வந்தால் நல்லது. குருவின் துணை உங்கள் தலைக்குமேல் நிழலாக இருக்கட்டும், நீ கோபமாக இருந்தாலும் என் ஆசி குறையாது.

ஒன்று மறந்துவிட்டேன். எழுபது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன், காலையில் சாப்பிடும் முன் இதன் பெயரை நானும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. வியாழக்கிழமைக்குப் பிறகு தினமும் எழுந்தவுடன், பல்கூட விளக்காமல், வாசலில் நின்று மூன்று முறை சத்தமாகச் சொல்கிறேன். தலேல்கோட். இன்றோடு நான்கு நாள். நான்கு நாளும் எனக்கு ரொட்டி கிடைத்தது. நீயும் அங்கே சொல்லிப் பார்.

உன் அப்பா,
உஜாகர் சிங்